வலது கணுக்கால்

மைதானத்துப் படிகளில் எனக்கு முன்படியில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேருக்கும் என்னை அடையாளம் தெரியவில்லை. இரண்டு வருஷமாக எங்கள் காலேஜ் கால்பந்து டீம் ஆடும் ஒரு ஆட்டம் விடாமல் வந்து என்னைப் பார்த்தவர்கள். எனக்கு அவர்களைத் தெரியும், மைதானத்துக்குள்ளிருந்து பார்த்தே தெரியும், சைக்கிள் கடை ஷாகுல் பாயின் கறுப்புக் குடை, மின்வாரியத்து தன்ராஜ் அண்ணனின் இரண்டு விரல் விசில், கோல் போட்டதும் நான் முதலில் திரும்பிப் பார்ப்பது இந்தப் படிகளைத்தான். இப்போது ஜெர்சி இல்லை, இழுத்துக் கட்டிய கொண்டை இல்லை, சுடிதாரும் வெயிலுக்குத் தலையில் போட்ட துப்பட்டாவுமாக அவர்கள் முதுகுக்குப் பின்னால் நான் யாரோ ஒரு பெண், ஆட வந்தவளுக்குத் துணைக்கு வந்தவள் மாதிரி. இடது முட்டியை மடக்க முடியாமல் காலை நீட்டி வைத்திருக்கிறேன், அது தன்ராஜ் அண்ணனின் இடுப்பில் இடிக்கிறது, அவர் திரும்பாமலே கொஞ்சம் நகர்ந்து இடம் விடுகிறார், நல்ல மனுஷர், பேச்சை மட்டும் நிறுத்தவில்லை. "லாரி படுத்தது நல்லதுக்குத்தான் பாய்" என்கிறார். எந்த லாரி என்று நான் ரோட்டுப் பக்கம் பார்க்கிறேன். "ரெண்டு வருஷமா இந்த டீமுக்கு ஒரே ரோடுதான். பந்தத் தூக்கி லாரிக்கிட்டப் போடு, லாரி நேரா போகும், எதிர்ல எவ வந்தாலும் இடிச்சுத் தள்ளும், விழுந்தா கோல், இல்லன்னா அவுட்டு. இப்பப் பாருங்க, ரெண்டு விங்கும் உயிரோட இருக்கு. அந்தச் சின்னப் புள்ள கீழ இறங்கி வருது, ஸ்டாப்பர் அது பின்னாடியே வரா, அந்த எடத்துல மத்தவ ஓடறா. இதுதான் அட்டாக்." பாய் குடையைத் தோள் மாற்றிக்கொண்டு, "வினோலியாவும் கோல் அடிச்சிருக்குல்ல" என்கிறார். லாரி நான்தான். "அடிச்சா, யாரு இல்லைன்னா, லாரியும்தான் சரக்க எறக்குது, அதுக்காக அது ரேஸ் காரா" என்று தன்ராஜ் அண்ணன் சொல்ல, பாய் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரிக்கிறார். இரண்டு வருஷமாக இந்த விசிலுக்காகத்தான் நான் ஓடினேனா, அது விசில்தானா, இல்லை ஹாரனா, ஊதும்போதெல்லாம் பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்களா, நான் கையை உயர்த்திக் காட்டினேனே, அப்போதும் சிரித்தார்களா. அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், எனக்கென்று விசிலடிக்க அங்கே ஆள் இருக்கிறது என்று.

மைதானத்தில் ஒன்பதாம் நம்பர் ஓடுகிறது. என் சட்டை, அளவு பெரிசு, அழகுமீனாவுக்கு அது தொடை வரை தொங்குகிறது. நிலக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளை, பூ பறித்துப் பறித்து விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும், ஹாஸ்டலில் என் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுக்கிறவள். அவளுக்கு நான் அக்கா. வாயைத் திறந்தால் அக்கா. எனக்கு ஆபரேஷன் முடிந்து ஹாஸ்டலுக்குத் திரும்பிய நாட்களில், உட்கார்ந்து எழ முடியாத காலோடு நான் கக்கூஸ் போவது எப்படி என்று யாருக்கும் தோன்றவில்லை, இவளுக்குத் தோன்றியது. வெஸ்டர்ன் டாய்லெட் வார்டன் அறையில் மட்டும்தான் உண்டு. தினமும் காலையில் போய் வார்டன் கதவைத் தட்டி நிற்பாள், அந்தம்மா திட்டத் திட்டச் சாவியை வாங்கி வருவாள், என் கையைத் தன் தோளில் போட்டு நடத்திக்கொண்டு போவாள், கதவுக்கு வெளியே நின்று, "அவசரமில்லக்கா, மெதுவா" என்பாள். அந்த மெதுவாவை நான் மறக்கவில்லை. எனக்குத் தலை குளிப்பாட்டினாள், காலுக்குக் கீழே தலையணை வைத்தாள், என் பாத்திரத்தைக் கழுவினாள், என் இடத்தில் ஆடினாள். கைம்மாறாக எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். ஒருத்தி நம்மை நிர்வாணமாகத் தாங்கிப் பிடித்த பிறகு அவள் முகத்தில் எப்படி முழிப்பது, அவள் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் வழுக்குகிற தரையில் நான் நிற்கிறேன். பத்து நாளைக்கு முன்னால் பயிற்சியில் அவள் வலது கணுக்கால் பிசகியது. யாரிடமும் சொல்லவில்லை. இரவு என் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக் காட்டினாள், கணுக்கால் எலும்பே தெரியவில்லை, உப்பிக் கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது. "கோச் மேடத்துக்கிட்ட சொல்லிராதீங்கக்கா, உக்கார வச்சிருவாங்க. ஃபைனலுக்கு ஸ்டேட் டீமுக்கு ஆள் எடுக்கறவங்க வராங்களாம்." சொல்லவில்லை. இன்றைக்குக் காலையில் அந்தக் காலை மடியில் வைத்துக் கட்டுப் போட்டவளும் நான்தான், மேலே சாக்ஸை இழுத்துவிட்டேன், கட்டு வெளியே தெரியவில்லை. நல்ல கட்டு. அந்தக் கட்டோடுதான் அவள் முதல் பாதியில் கோல் போட்டாள். மதுரைக் காலேஜின் கோல்கீப்பர் ஒரு பக்கம் சாய, பந்தை மறுபக்கம் சும்மா உருட்டிவிட்டாள். இடிக்கவில்லை, தள்ளவில்லை. உருட்டினாள். எழுந்து நின்று கத்திய கூட்டத்தில் நானும் எழுந்து நின்றேன், முட்டி வலித்தது, கை தட்டினேன், என் கை தட்டும் சத்தம் எனக்குக் கேட்டது, ஓட்டை டப்பாவைத் தட்டுகிற மாதிரி. அவள் ஓடி வந்து இந்தப் படிகளைத் தேடினாள், என்னைக் கண்டுபிடித்து இரண்டு கையையும் என் பக்கம் நீட்டினாள். "யாருக்குக் காட்டுது" என்று தன்ராஜ் அண்ணன் கேட்டார். "நமக்குத்தான்" என்றார் பாய்.

இடைவேளையில் அவர்கள் என் எதிர்காலத்தையும் முடித்துவிடுகிறார்கள். "சிட்டு ஸ்டேட்டுக்குப் போயிரும், போலீஸ்ல வேலை கெடைச்சிரும், எழுதி வச்சுக்கங்க" என்கிறார் தன்ராஜ் அண்ணன். சிட்டு என்றால் அழகுமீனா. அவளுக்குப் பறவை, எனக்கு வண்டி. "வினோலியா?" என்று கேட்கிறார் பாய், என் பெயரை இந்தக் கூட்டத்தில் சொல்கிற ஒரே ஆள். "அது இனிமே ஷெட்டுதான் பாய். முட்டியில ஜவ்வு அறுந்துட்டா ஆம்பளையே திரும்பறது கஷ்டம். வெயிட் வேற போட்டிருக்கும். எங்கயாவது கட்டிக் குடுத்துருவாங்க, நொண்டறது சேலையில தெரியாது." அவர் கெட்டவராக இருந்தால் எனக்கு வசதி. கெட்டவர் இல்லை, ஆட்டத்தைப் புரிந்தவர், அதுதான் தாங்கவில்லை. நான் படிகளில் இறங்குகிறேன், இடது காலை வைத்து வலது காலைப் பக்கத்தில் சேர்த்து, மறுபடி இடது கால், குழந்தை மாதிரி, தாகமில்லை ஆனால் தண்ணீர்க் குழாயடிக்குப் போகிறேன், எங்கேயாவது போகவேண்டும். அங்கே மதுரை ஜெர்சியில் பேச்சி தலையைக் குழாய்க்குக் கீழே கொடுத்து நிற்கிறாள். மதுரையின் ஸ்டாப்பர், எங்கள் ஃபார்வர்டை மறிக்கிறவள். பள்ளிக்கூட வயதில் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலில் நானும் அவளும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள், திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, முழுப்பெயர் பேச்சியம்மாள். நிமிர்ந்து பார்த்து உடனே கண்டுபிடிக்கிறாள். "ஏட்டி வினோ. என்னட்டி இப்படி எளைச்சுப் போயிட்ட." இளைத்துவிட்டேனாம். அவளைக் கட்டிப்பிடித்து அழலாம் போல இருக்கிறது. ஈரக் கையால் என் கன்னத்தைப் பிடித்து, முட்டியைக் கேட்டு, அம்மாவைக் கேட்டு, பிறகு, "ஒங்க ஒன்பதாம் நம்பர் என்னைப் படுத்துறா பாத்துக்க. பிடிக்கவே முடியல. நீன்னா எங்க வருவன்னு எனக்குத் தெரியும்" என்கிறாள். நீன்னா தெரியும். இவளும் அதைத்தான் சொல்கிறாள், ஒரே ரோடு. இவளுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. குழாயை மூடிவிட்டுப் போகலாம். குழாய் சரியாக மூடவில்லை, சொட்டுகிறது, அதைப் பார்த்துக்கொண்டே சொல்கிறேன். "வலது கால ஊன மாட்டா. அதனால எப்பவும் ஒரே பக்கம்தான் வெட்டித் திரும்புவா, வலது பக்கம். கணுக்கால்ல கட்டு இருக்கு. அதுல ஒரு தட்டு போதும்." குரல் சாதாரணமாக இருக்கிறது, பஸ் எங்கே நிற்கும் என்று சொல்கிற குரல். பேச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த துண்டை இறக்கி என்னைப் பார்க்கிறாள். இரண்டாம் பாதிக்கு விசில் கேட்கிறது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

நான் என்ன சொல்லிவிட்டேன். பார்க்கிற எல்லோருக்கும் தெரிவதைச் சொன்னேன், அவள் ஒரே பக்கம் வெட்டுகிறாள் என்பது தன்ராஜ் அண்ணனுக்கே இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும். கட்டு தெரியாது. கட்டு எனக்கு மட்டும் தெரியும். சரி, ஆனால் பேச்சி கேட்டாள். கேட்டாளா. பிடிக்க முடியவில்லை என்றாள், அது கேட்பது மாதிரிதான். நொண்டிக் காலோடு ஆட வந்தது அவள் தப்பு, பயிற்சியாளர் ரோஸ்லின் மேடத்தை ஏமாற்றியது அவள் தப்பு, எலும்பு நொறுங்குவதற்கு முன்னால் அவளை யாராவது உட்கார வைக்க வேண்டும், ஒரு சின்னத் தட்டு, அவள் உட்காருவாள், ஒரு மாதம் ஓய்வு, அவ்வளவுதான், நான் அவளுக்கு நல்லதுதான் செய்திருக்கிறேன். இப்படியே நினைத்துக்கொண்டு இரண்டாம் பாதியைப் பார்க்கிறேன், ஆட்டத்தை இல்லை, ஒரு வெள்ளை சாக்ஸை மட்டும். அது புல் இல்லாத செம்மண்ணில் படுகிறது, எழுகிறது, படுகிறது. பேச்சி அவளை நெருங்கும்போதெல்லாம் என் பல் இறுகுகிறது. ஒன்றும் நடக்கவில்லை. பேச்சி காலை நீட்டவே இல்லை, வலது பக்கத்தை அடைத்துக்கொண்டு தள்ளி நிற்கிறாள், அழகுமீனா பந்தைப் பின்னால் கொடுத்துவிட்டு ஓடுகிறாள். இறங்கிப் போய்க் கோட்டோரத்தில் நிற்கும் மேடத்திடம் சொல்லிவிடலாம், மேடம் அவளை எடுங்க, கால் சரியில்லை. சொன்னால் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பார்கள். படிகள் அதிகம். முட்டி வலிக்கிறது. இறங்கிப் போவதற்குள் ஆட்டமே முடிந்துவிடும். இது எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொன்று இருக்கிறது, அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வருகிறேன், வெந்நீர்ப் பாத்திரத்தைச் சுற்றிக் கை போவது மாதிரி, தொட்டுவிட்டேன், பேச்சி மேல் எனக்குக் கோபம் வருகிறது. எதற்குக் காத்திருக்கிறாள் இந்த முண்டம். பின்னால் வலை, முன்னால் காலடியில் கணுக்கால், ஹாஸ்டலில் கொசுவைக்கூடக் கொல்லாமல் ஜன்னல் திறந்து விரட்டுவாள், இவளிடம் போய்ச் சொன்னேனே. தன்ராஜ் அண்ணன் கண்டுபிடித்துவிட்டார். "சிட்டுவ அடைச்சுட்டா பாய். அது ஒரு பக்கம்தான் திரும்புது, பாத்தீங்களா. இடது பக்கம் ஒரு தடவ வெட்டுச்சுன்னா காலியா கெடக்கு மைதானம். வெட்ட மாட்டேங்குதே." அவர் எழுந்து நின்று கையைக் குவித்துக் கத்துகிறார், "இடது பக்கம் போ கண்ணு, இடது பக்கம்." பக்கத்தில் இருப்பவர்களும் கத்துகிறார்கள், படிகள் முழுக்கக் கத்துகின்றன, இடது பக்கம், இடது பக்கம். இடது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் வலது காலை ஊன்ற வேண்டும், அது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும். நானும் கத்துகிறேன். என் வாய்தான். அவள் ஒரு தடவை இந்தப் பக்கம் தலையைத் திருப்புகிறாள், இத்தனை குரலில் என் குரல் அவளுக்குக் கேட்டதா, கேட்டிருக்க முடியாது, பந்து வருகிறது, பேச்சி தள்ளியே நிற்கிறாள், அழகுமீனா வலது காலை மண்ணில் அழுத்தி ஊன்றி இடது பக்கம் வெட்டுகிறாள், உடம்பு திரும்புகிறது, கால் திரும்பவில்லை.

யாரும் தொடவில்லை. பேச்சிக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கலாம், அவ்வளவு இடைவெளி. அதனால் நடுவர் விசில் ஊதவில்லை, ஆடு ஆடு என்று கையை வீசுகிறார், பேச்சி பந்தை எடுக்காமல் நின்றுவிட்டாள், வேறொரு மதுரைக்காரி எடுத்துக்கொண்டு ஓடுகிறாள், மண்ணில் கிடந்து காலைப் பிடித்துக்கொண்டு உருளுகிறவளை எங்கள் ஆட்டக்காரிகளே தாண்டி ஓடுகிறார்கள், அந்தக் கோடியில் மதுரை கோல் போட்டது. படிகளில் ஒரு பெரிய மூச்சு, பிறகு ஊளை. "நடிக்குது" என்கிறார் ஒருத்தர். "யாருமே தொடலையே பாய்" என்று உட்காருகிறார் தன்ராஜ் அண்ணன், அவர் குரல் கம்மிவிட்டது, கத்தியதால். "எந்திரிச்சு ஓடாம படுத்துக் கெடக்கு பாருங்க. கோலு போனப்பறம் யாருக்காக நடிக்குது. இதே லாரியா இருந்தா கால் முறிஞ்சாலும் எந்திரிச்சிருக்கும். அது ஆட்டக்காரி. ஜவ்வு அறுந்த அன்னிக்குக்கூட ரெண்டு எட்டு நடந்துதான் விழுந்துச்சு, நான் பாத்தேன்." பாய், "ஆமா, அது வேற" என்கிறார். இதைக் கேட்கத்தான் நான் நாலு மாதமாகக் காத்திருந்தேன் போலிருக்கிறது. இதமாக இருக்கிறது. மறைக்கவில்லை, இதமாகத்தான் இருக்கிறது, நெஞ்சுக்குள் வெல்லம் கரைகிற மாதிரி, அந்தப் பிள்ளை அங்கே மண்ணைக் கையால் பிறாண்டுகிறது, எனக்கு இதமாக இருக்கிறது. அது ஆட்டக்காரி என்றார். இன்னொரு தடவை சொல்ல மாட்டாரா. ஆனால் அதற்குள் அவர் பேச்சு மாறிவிட்டது. "அந்த பதினாலாம் நம்பர எறக்கச் சொல்லுங்க பாய், ஒசரமா இருக்கே, அது. அடுத்த வருஷம் அதுதான் ஃபார்வர்டு. இவங்க ரெண்டு பேரையும்விட நல்லா வரும்." பாய் கண்ணைச் சுருக்கி பெஞ்சைப் பார்க்கிறார். இரண்டு பேரையும்விட. ஸ்ட்ரெச்சர் மைதானத்துக்குள் போய்ச் சேரவில்லை, இவர்கள் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டி ஓரமாக வைத்துவிட்டு, பதினாலாம் நம்பரின் இடது காலைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

கோட்டோரத்திலிருந்து மேடம் கூப்பிடுகிறார், "வினோலியா, எங்க இருக்க, கீழ வா, அழகு உன்னத்தான் கேக்கறா." முன்படியில் இரண்டு தலையும் திரும்புகின்றன. தன்ராஜ் அண்ணன் என் முகத்தைப் பார்க்கிறார், நீட்டிய காலைப் பார்க்கிறார், இவ்வளவு நேரம் தன் இடுப்பில் இடித்துக்கொண்டிருந்த கால். "நீயாம்மா" என்கிறார். பிறகு, "நாங்க சும்மா… ஆட்டத்தப் பத்திப் பேசறதுதான்" என்கிறார். பாய் குடையை மடக்கி என்னிடம் நீட்டி ஊன்றிக்கொள்ளச் சொல்கிறார். குடையை வாங்கிக்கொண்டு இறங்குகிறேன், அவர்கள் வெட்கப்படட்டும், யாராவது வெட்கப்படட்டும். முதலுதவிக் கொட்டகையில் அழகுமீனா பெஞ்சில் கிடக்கிறாள், முகமெல்லாம் செம்மண், கண்ணீர் இறங்கிய இடம் மட்டும் சுத்தமாக இருக்கிறது. என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொள்கிறாள். "அக்கா, நான் நடிக்கலக்கா. எல்லாரும் ஊளையிட்டாங்க." "தெரியும்" என்கிறேன். அவள் கால் என் மடியில் இருக்கிறது, நான் உட்கார்ந்ததும் அவளே எடுத்து வைத்தாள், காலையில் வைத்த மாதிரியே, அது மடியில் கனக்கிறது, பாதம் வரக்கூடாத பக்கம் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. "ஒங்களுக்கும் இப்படித்தான் வலிச்சுதாக்கா" என்று கேட்கிறாள், "அன்னிக்கு எனக்கு இவ்வளவுன்னு தெரியல, இன்னும் நல்லாப் பாத்திருப்பேன்." நான் அவள் தலைமுடியிலிருந்து மண்ணைத் தட்டுகிறேன். வெளியே இறுதி விசில், மதுரைக் கூச்சல், அவர்கள் இன்னொன்றும் போட்டுவிட்டார்கள். ஆம்புலன்ஸ் வழியில் இருக்கிறது என்று மேடம் போனை வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார். அவரைத் தாண்டிப் பேச்சி உள்ளே வருகிறாள், ஜெயித்தவள், கழுத்தில் யாரோ போட்ட மாலையைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருக்கிறாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்துவிட வேண்டும், வெளியே கூட்டிப் போக வேண்டும், ஆனால் மடியில் கால் இருக்கிறது. பேச்சி பெஞ்சுக்குப் பக்கத்தில் மண்டியிடுகிறாள். "நான் தொடல தாயி. சத்தியமாத் தொடல." அழகுமீனா வலியோடு சிரிக்கப் பார்க்கிறாள். "தெரியும்க்கா. நானாத்தான் விழுந்தேன்." அதோடு போயிருக்கலாம். பேச்சியின் கண் என் பக்கம் வருகிறது, அதில் குற்றம் சாட்டுவது ஒன்றுமில்லை, பயம்தான் இருக்கிறது, தான் ஏதோ செய்துவிட்டோமோ என்ற பயம். "ஏட்டி வினோ, நீ சொன்னல்லா, கணுக்கால்ல கட்டு இருக்கு, ஒரு தட்டு போதும்னு. அத நான் செய்யல. எனக்கு மனசு வரல. வலது பக்கம் மட்டும் அடைச்சா போதும், கால் பக்கமே போகக்கூடாதுன்னுதான் நின்னேன். அது இப்படித் திரும்பும்னு எனக்குத் தெரியாது."

கொட்டகைத் துணி காற்றில் அடித்துக்கொள்கிறது. மேடம் போனில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருக்கிறார், அவருக்குக் கேட்கவில்லை. சொல்லலாம், பேச்சி தப்பாகப் புரிந்துகொண்டாள் என்று, நான் அப்படிச் சொல்லவில்லை என்று, உன் நல்லதுக்குத்தான் என்று, வாய்க்குள் எல்லாம் தயாராக இருக்கிறது, எதை முதலில் எடுப்பது என்று தேடுகிறேன், எது அவளுக்குப் பொருந்தும். அழகுமீனா என்னைப் பார்க்கவில்லை. என் சுடிதாரில் ஒட்டியிருக்கிற செம்மண்ணைப் பார்க்கிறாள். என் கையிலிருந்து கையை எடுக்கிறாள், பிடுங்கவில்லை, மெதுவாக. பிறகு இரண்டு கையாலும் தன் கணுக்காலைக் கீழிருந்து தாங்கிப் பிடித்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, என் மடியிலிருந்து தூக்குகிறாள், அது சின்னதாக ஒரு சத்தம் போடுகிறது, அவள் போடவில்லை, பெஞ்சின் அந்தக் கோடியில் வெறும் பலகை மேல் வைக்கிறாள். நெற்றி முழுக்க வியர்த்துவிட்டது. மூச்சு சமனாகும் வரை காத்திருந்துவிட்டு வாசல் பக்கம் திரும்பி, "மேடம்" என்கிறாள், "ஆஸ்பத்திரிக்கு என் கூட வேற யாராவது வாங்க."